இளைப்பு வருமுன் எண் சொல்லும்: இராமநாதபுரம் கரையோரத்தில் ஆஸ்துமாவோடு வாழ்பவர்கள் வீட்டிலேயே மூச்சை அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் கரையோர ஊர்களில் ஆஸ்துமா என்ற சொல்லை மருத்துவமனைச் சீட்டில்தான் பார்க்க முடியும். வீட்டில் அதற்கு இளைப்பு என்றும் இழுப்பு என்றும் பெயர்; இப்போதைய பிள்ளைகள் வீசிங் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் நெஞ்சுக்குள் நடப்பது ஒன்றே. மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கியிருக்கிறது. தூசியோ புகையோ சளிக்காய்ச்சலோ வந்தவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே கோழை சேர்கிறது. இழுத்த காற்றை வெளியே விடுவது பெரும்பாடாகிறது. இது ஒரே இரவில் வந்துவிட்டதுபோலத் தோன்றினாலும், பெரும்பாலும் சில நாட்களாக மெல்ல மெல்லக் கூடி வந்ததாகவே இருக்கும். நெடுநாள் நோயாளியின் உடம்பு குறைந்த மூச்சுக்குப் பழகிப் போவதால், அந்தச் சில நாட்கள் அவருக்கே தெரிவதில்லை.

அந்த நாட்களைக் கண்ணுக்குக் காட்ட, ஊதும் மூச்சின் வேகத்தை எண்ணாகக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய பிளாஸ்டிக் குழாயும் ஒரு நோட்டும் போதும். நான் சிறு வயது முதலே இளைப்புக்காரன். பல ஆண்டுகளாகக் காலையும் மாலையும் ஊதி எழுதி வருகிறேன். இராமேசுவரத்தில் இருப்பவருக்கு இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மதுரையோ அதற்கும் அப்பால் 100 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பாம்பன் பாலம் ஒன்றுதான் சாலை, விடுமுறை நாட்களில் அதில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். பெருநகரத்தில் இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை இருப்பவரைவிட, நமக்குத்தான் இரண்டு நாள் முன்னதாகத் தெரிய வேண்டிய தேவை அதிகம்.

படி 1: இளைப்பு ஆஸ்துமாதானா என்று உறுதி செய்யுங்கள்

மூச்சிரைப்பு எல்லாம் ஆஸ்துமா ஆகாது. இருதயம் பலவீனமானவருக்கும் படுத்தால் மூச்சு முட்டும். காசநோய், பீடி சிகரெட்டாலும் பல ஆண்டு விறகுப் புகையாலும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, யானைக்கால் கிருமியால் வரும் ஈசினோபிலியா ஆகியவையும் இருமலும் இரைப்புமாகவே தொடங்குகின்றன. ஆஸ்துமாவுக்கென்று ஒரு குணம் உண்டு: அது கூடும், குறையும். பின்னிரவிலும் விடியற்காலையிலும் மோசமாகும். சில நாட்கள் முற்றிலும் இல்லாமலே இருக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தை உறுதி செய்யும் சோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். மூச்சை முழுவதும் இழுத்து, ஒரு குழாயில் வேகமாகவும் விடாமலும் ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்பதைக் கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, சுமார் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அடைப்பு விலகக்கூடியது என்று பொருள். அது ஆஸ்துமாவின் வலுவான அடையாளம். இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருப்பதால், மதுரைக்குப் பேருந்து ஏறுவதற்கு முன் அந்த மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். வீட்டுக் கருவி இந்தச் சோதனைக்கு மாற்றல்ல. பெரிய குழாய்களில் காற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை மட்டுமே அது காட்டும். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அதை நாள்தோறும் காவல் காப்பதே அதன் வேலை.

படி 2: கருவியை வாங்குதல்

பெரிய மருந்துக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பேட்டரி வேண்டாத, முள் நகரும் சாதாரணக் கருவியே போதும். பெரியவர்களுக்கான கருவியும் குழந்தைகளுக்கான சிறிய அளவுள்ள கருவியும் தனித்தனியாக இருப்பதால் யாருக்கு என்று சொல்லி வாங்குங்கள். ஒரு கம்பெனியின் கருவி காட்டும் எண்ணும் இன்னொன்று காட்டும் எண்ணும் சற்று வேறுபடும். ஆகவே உங்கள் கருவியிலேயே எப்போதும் ஊதுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அதையே கொண்டுபோங்கள். உப்புக் காற்றும் மணலும் புகும் வீடுகளில் அதை மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. முள் தடையின்றி நகராவிட்டால் கருவியை மாற்ற வேண்டும்.

படி 3: ஊதும் முறை

முள்ளைக் கீழே பூஜ்ஜியத்துக்குத் தள்ளுங்கள். நிமிர்ந்து நில்லுங்கள், நிற்க முடியாதவர் நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் என்றும் அதே நிலையில் இருக்க வேண்டும். விரல் முள்ளின் பாதையை மறிக்காதபடி கருவியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். ஊதுகுழலைப் பற்களுக்கு இடையே வைத்து உதடுகளால் காற்றுக் கசியாமல் கவ்விக்கொண்டு, ஒரே மூச்சில், முழு பலத்தோடும் வேகத்தோடும் ஊதுங்கள். நீளமாக ஊத வேண்டியதில்லை; முதல் வேகம்தான் கணக்கு. முள் நின்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு, மீண்டும் பூஜ்ஜியத்துக்குத் தள்ளி, மொத்தம் மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எழுதுங்கள். சராசரி போட வேண்டாம்.

பிழைகள் எப்போதும் ஒரே இடங்களில்தான் நேரும். பாதி மூச்சோடு ஊதுவது, நாக்கு குழலை அடைப்பது, ஊதும்போது இருமிவிடுவது ஆகியவை எண்ணைக் குறைத்துக் காட்டும். கன்னத்தை உப்பவைத்து எச்சில் துப்புவதுபோல் 'தூ' என்று ஊதுவது எண்ணைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சங்கு ஊதிப் பழகியவர்களிடம் இந்தக் கன்ன வேகத்தைக் கண்டிருக்கிறேன். காற்று நெஞ்சிலிருந்து வர வேண்டும். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் முறை சரியென்று கொள்ளலாம்; 250, 330, 290 என்று தாவினால், சற்று இளைப்பாறி மீண்டும் ஊதுங்கள்.

படி 4: நோட்டு

காலையில் எழுந்தவுடன், மருந்து இழுப்பதற்கு முன் ஒரு முறை. மாலையில் அதேபோல மருந்துக்கு முன் ஒரு முறை. தேதி, காலை எண், மாலை எண், நிவாரண மருந்தை (இளைப்பு வந்தால் மூச்சுக்குழாயை உடனே விரிக்க இழுப்பதை) எத்தனை முறை இழுத்தீர்கள், இரவில் இளைப்பால் விழித்தீர்களா, அன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது என்ற ஆறு கட்டங்கள் போதும். கடைசிக் கட்டத்தில் 'பக்கத்தில் கரிமூட்டம்', 'பேத்திக்குச் சளி', 'வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்' என்று ஒரு வரி எழுதினால், பிற்பாடு அது விலைமதிப்பில்லாத தடயமாகும்.

எண்ணை எழுதினால் மட்டும் போதாது, ஒரு கோடாகவும் வரைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு கார்த்திகை மாதத்தில் என் காலை எண்கள் 450, 425, 400, 375 என்று நான்கு நாட்களில் இறங்கின. எனது சிறந்த அளவு (நலமாக இருந்தபோது ஊதிய மிகப் பெரிய எண்) 460 என்பதால் இவை நான்கும், அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ள 'நன்று' என்ற பச்சைப் பகுதிக்குள்ளேயே இருந்தன. எனக்கு உடம்பிலும் எதுவும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக ஊதாமலே கிளம்பினேன். அன்று நள்ளிரவுக்குப் பின் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத நிலையில் என்னை வண்டியில் ஏற்றினார்கள். எழுதினேனே தவிர எழுதியதைப் பார்க்கவில்லை. இறங்கும் படிக்கட்டை ஒரு வரைபடத்தாள் இரண்டாம் நாளே காட்டியிருக்கும். அன்றிலிருந்து, பச்சைக்குள்ளேயே இருந்தாலும் மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிடுகிறேன்.

காலைக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளியும் ஒரு செய்திதான். மண்டபத்தில் நண்டு பதப்படுத்தும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் காலை எண் 290, மாலை எண் 350 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60, இரண்டின் சராசரி 320, 60ஐ 320 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 19 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளும் கண்டு, ஒரு வாரத்துக்குச் சராசரி எடுத்தால், பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேலும் குழந்தைகளுக்கு 13 சதவீதத்துக்கு மேலும் இருப்பது அதிக ஊசலாட்டம். மாலை எண் மட்டும் நன்றாக இருக்கிறதென்று ஆறுதல் கொள்ளக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

படி 5: உங்களுடைய சிறந்த அளவு

வயது, உயரம், ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றை வைத்து எதிர்பார்க்கும் அளவைச் சொல்லும் அட்டவணைகள் உள்ளன. ஆனால் நாள்தோறும் ஒப்பிடுவதற்கு உங்களுடைய சொந்த அளவே சிறந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இளைப்பு கட்டுக்குள் இருக்கும் இரண்டு வாரங்களைத் தேர்ந்து, காலையும் மாலையும் ஊதி, அதில் வந்த மிகப் பெரிய எண்ணைச் சிறந்த அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து இருமலின் நடுவே இதைச் செய்தால் குறைவான எண்ணே சிறந்ததாகப் பதிவாகிவிடும். பிறகு ஆபத்தும் நலமாகத் தெரியும். வளரும் பிள்ளைகளுக்கு உயரம் கூடக் கூட எண்ணும் கூடுமாதலால், ஆண்டுக்கு இரு முறையாவது புதிதாகக் குறிக்க வேண்டும்.

படி 6: மூன்று நிறங்கள்

முன்பு சொன்ன மண்டபத்துப் பெண்ணின் சிறந்த அளவு 380 என்றால், அதில் 80 சதவீதம் 304. 50 சதவீதம் 190. கருவியிலேயே இந்த இரண்டு இடங்களிலும் நிறநாடா ஒட்டிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

304க்கு மேல் பச்சை: வழக்கமான தடுப்பு மருந்தை (உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்க நாள்தோறும் எடுப்பதை) தொடர வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துவதுதான் நம் ஊரில் நான் காணும் மிகப் பெரிய தவறு. நன்றாக இருப்பது அந்த மருந்தால்தான்.

304க்கும் 190க்கும் இடையே மஞ்சள்: மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நிவாரண மருந்தை இழுத்து, 15 முதல் 20 நிமிடம் கழித்து மீண்டும் ஊதிப் பாருங்கள். பச்சைக்கு ஏறி அங்கேயே நின்றால் அன்று முழுதும் கவனமாக இருங்கள். ஏறாமலோ, சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கியோ, ஓரிரு நாள் மஞ்சளிலேயே கிடந்தாலோ மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மஞ்சளில் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை அவரிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். கேட்டால்தான் எழுதித் தருவார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

190க்குக் கீழ் சிவப்பு: உடனே செய்ய வேண்டியவற்றை இறுதியில் சொல்கிறேன். எண் பச்சையாக இருந்தும் நெஞ்சு இறுகினால் நெஞ்சையே நம்புங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அது 97 காட்டுகிறதென்று நிம்மதியடையக் கூடாது. ஆஸ்துமாவில் ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் இறங்கும். அது இறங்கிவிட்டால் நேரமே இல்லை என்று பொருள்.

மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேர்கிறதா?

எண் ஏறவில்லை என்று மருந்தைக் குறைசொல்வதற்கு முன், இழுக்கும் முறையைப் பாருங்கள். அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை மெல்ல வெளியே விட்டு, வாயில் கவ்வி, மூச்சை மெதுவாக இழுக்கத் தொடங்கும் கணத்தில் ஒரு முறை அழுத்தி, தொடர்ந்து நெஞ்சு நிறைய இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுங்கள். கையும் மூச்சும் ஒத்துழைக்காதவர்களுக்கு ஸ்பேசர் என்ற இடைக்குழாய் பெரிய உதவி. என் கருத்தில் அது எல்லோருக்கும் வேண்டியது. அதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்னூட்டம் உண்டாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேப்சூல் போட்டு இழுக்கும் கருவியில் முறை நேர்மாறானது: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் மூச்சு விடக் கூடாது. கடலோரத்துக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஈரக் காற்றில் திறந்து வைத்த கேப்சூலின் பொடி கட்டிதட்டிவிடும். மூடியை இறுக்கி வையுங்கள். இழுக்கப் போகும் நேரத்தில் மட்டும் ஒன்றை, உலர்ந்த கையால் எடுங்கள். அழுத்தும் இன்ஹேலரை வெயில் அடிக்கும் படகின் பலகையிலும் ஆட்டோவின் முன்புறத்திலும் வைக்காதீர்கள். அதில் மருந்து இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலரை வாங்குங்கள், அல்லது தொடங்கிய தேதியை அட்டையில் எழுதிக் கணக்கு வையுங்கள். ஸ்டீராய்டு உள்ள மருந்தை இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்புவது, வாயில் வெண்படலம் வராமல் காக்கும்.

'இன்ஹேலர் பழக்கமாகிவிடும், மாத்திரையே போதும்' என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிவாரண மருந்தான சால்புட்டமால் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் 0.2 மில்லிகிராம். அதே மருந்தின் மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. அது இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. அஞ்ச வேண்டியது வேறொன்று. தடுப்பு மருந்தை விட்டுவிட்டு நிவாரண மருந்தை மட்டும் இழுத்துக்கொண்டே இருப்பது தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடுவதில்லை. சால்புட்டமாலை மட்டும் தனியே நம்பியிருக்கும் சிகிச்சையை உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. 200 பஃப் கொண்ட நிவாரண இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான இளைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. செலவு தடையாக இருந்தால் அரசு மருத்துவமனையிலும், மக்கள் மருந்தகத்திலும், முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். தூதுவளை இரசமும் ஆடாதோடைக் கஷாயமும் வைத்துக் குடிப்பதை நான் தடுக்கவில்லை. அவற்றை நம்பித் தடுப்பு மருந்தை நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கரையின் காலங்களும் காற்றும்

கடற்காற்றே இளைப்பைத் தரும் என்றும், கடற்காற்றே அதைத் தீர்க்கும் என்றும் இரண்டு விதமாகவும் நம் பக்கம் பேசுவார்கள். உப்புக் காற்று காரணமல்ல. காற்று சுமந்து வருவதும் வீட்டுக்குள் தங்குவதும்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஊர் முழுக்கச் சளிக்காய்ச்சல் சுற்றும். மழை தொடங்கும் அதே நாட்களில் தீபாவளிப் புகையும் சேரும். ஆண்டில் ஒரு பருவத்தில்தான் நாள்தோறும் ஊத முடியும் என்பவர்கள் இந்த மழை மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். வைகாசி முதல் ஆடி வரை கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். அப்போது மேற்குச் சன்னல்களை மூடுங்கள். சீமைக் கருவேலத்தின் மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது. அதன் விறகை வேகவைக்கும் கரிமூட்டப் புகையோ கடலாடி, சாயல்குடி பக்கத்துக் கிராமங்களில் பொழுதெல்லாம் கவிந்து நிற்கும். அதே பகுதியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் பெண்கள் அடுப்புக்கு எதிரே மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். கொட்டகையின் காற்றுவாக்கில் அடுப்பை இடம் மாற்றி, புகை ஆளுக்கு எதிர்ப்புறம் போகும்படி அமைப்பது முகத்தில் கட்டும் துணியைவிடப் பலன் தரும்.

வீட்டுக்குள் முதல் எதிரி கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. ஈரப்பதத்தில் செழிக்கும் அது, கரையோர வீடுகளின் இலவம்பஞ்சுத் தலையணையிலும் பழைய மெத்தையிலும் வாழ்கிறது. உறைகளை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி, நம் ஊர் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். நோயாளி கோரைப்பாயில் படுப்பது இன்னும் எளிது. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடும் நேரத்தில் இளைப்புள்ளவர் திண்ணையில் இருக்கட்டும். வீட்டில் பீடி பிடிப்பவர் இருந்தால் வாசலுக்குப் போய்ப் பிடிப்பதும் முழுத் தீர்வல்ல; விடுவதுதான் தீர்வு.

வேலை இடத்தைக் கருவியால் சோதித்தல்

நண்டும் இறாலும் வேகும் ஆவியில் அவற்றின் புரதம் கலந்திருக்கிறது. அதைப் பல மாதங்கள் சுவாசிப்பவர்களில் சிலருக்குப் புதிதாகவே ஆஸ்துமா தோன்றும். மீன்தூள் ஆலை, கருவாட்டுக் கிட்டங்கி, படகுக்கு ஃபைபர் பூசும் இடம் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும்போதுதான் படகுகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். சில பெயிண்டுகளின் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் தானே ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது.

சந்தேகம் இருப்பவர்கள் வேலை நாட்களில் இரண்டு வாரமும் வேலை இல்லாத நாட்களில் இரண்டு வாரமும், நாளொன்றுக்கு நான்கு முறை ஊதி எழுதுங்கள்: எழுந்ததும், வேலையின் நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன். தடைக்காலம் இதற்கு இயற்கையாகவே கிடைத்த ஓர் இடைவெளி. வேலை ஓய்ந்த வாரங்களில் எண் ஏறி, வேலை தொடங்கியதும் இறங்கினால், அந்த நோட்டே மருத்துவருக்கு நல்ல சான்று. வேலையை உடனே விட முடியாத குடும்பங்களை நான் அறிவேன். ஆவி வரும் பகுதியிலிருந்து எடை போடும் பகுதிக்கு மாற்றிக் கேட்பதற்காவது அந்தக் காகிதம் உதவும்.

கடலுக்குப் போகிறவர் நிவாரண இன்ஹேலரைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அது எங்கே இருக்கிறதென்று உடன் வருகிறவர் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். காலை எண் மஞ்சளில் இருந்தால் அன்று இறங்காதீர்கள். நடுக்கடலுக்கு 108 வராது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்க மூச்சடக்கி முங்கும் பெண்களும், கம்ப்ரசர் காற்றில் மூழ்கிச் சங்கு எடுக்கும் ஆண்களும் இளைப்பை மறைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. அடைபட்ட மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சிக்கிய கம்ப்ரசர் காற்று, மேலே வரும்போது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

சிலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை

ஐந்து வயதுக்குக் கீழ் இந்தக் கருவி சரிப்படாது. இரவு இருமல், ஓடினால் நின்றுவிடுவது, விலா உள்ளிழுப்பது ஆகியவற்றைத் தாய் கவனிக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் பயந்து தடுப்பு மருந்தை நிறுத்துவது குழந்தைக்குத்தான் ஆபத்து. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் நோன்பு வைப்பவர்கள், இருவேளைத் தடுப்பு மருந்தைச் சஹர் நேரத்துக்கும் நோன்பு திறந்த பிறகுக்கும் அமைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். பகலில் மூச்சு முட்டினால் நிவாரண மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் மாத்திரை கேட்கும்போது ஆஸ்துமா உண்டென்று சொல்லுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படியே.

சிவப்பில் செய்ய வேண்டியவை

எண் 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசினாலோ, கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண மருந்து வேலை செய்யாமல் போனாலோ, முதலில் 108ஐ அழையுங்கள். 'ஆஸ்துமா நோயாளி, மூச்சுத்திணறல், பேச முடியவில்லை' என்று சொல்லி, ஊரையும் அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள்; நிமிர்த்தி உட்காரவைத்து, சற்று முன்சாய்ந்து கைகளை ஊன்றிக்கொள்ளச் செய்யுங்கள். சால்புட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒரு பஃப், நான்கைந்து மூச்சு, அடுத்த பஃப் என்று நான்கு கொடுங்கள். வண்டி வரும் வரை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இதையே செய்யுங்கள், முன்னேற்றமே இல்லாவிட்டால் ஒரு முறைக்குப் பத்து பஃப் வரை கொடுக்கலாம். இரைப்புச் சத்தம் திடீரென்று அடங்கி, ஆள் சோர்ந்து தூங்கப் பார்த்தால் அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று பொருள். சுற்றி நிற்பவர்களை விலக்கி, நோட்டையும் மருந்துகளையும் ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள்.

மருத்துவமனையில் நெபுலைசர் வைத்து மூச்சு திரும்பியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். உள்ளே அழற்சி இன்னும் பல நாட்கள் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு இருக்கும், சொன்ன நாள் முழுவதும் விழுங்குங்கள். தடுப்பு இன்ஹேலரை அன்றே மீண்டும் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்குள் மருத்துவரை நோட்டோடு பாருங்கள். அவர் முன்னால் இன்ஹேலரை ஒரு முறை இழுத்துக் காட்டி, முறை சரியா என்று கேளுங்கள். காலை எண் சிறந்த அளவின் பக்கத்தில் வந்து நின்று, காலைக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும் வரை ஒரு வேளையும் விடாமல் ஊதி எழுதுங்கள்.